ஐதர் காலத்துச் சொல்

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், மூலையில் நின்ற லேத் மெஷினை என்னிடம் காட்டி, “ஐதர் காலத்து மெஷின் சார், இதுல என்னத்த வேலை பார்க்கிறது?” என்றார். பட்டறை முதலாளி கன்னடக்காரர். தமிழ் அரைகுறையாகப் புரியும். ‘ஐதர்’ என்ற பெயர் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஐதர் காலத்துப் பொருள் என்றால் சாமானியத்தில் கெடாது என்று தன் மெஷினைப் புகழ்ந்ததாகவே எடுத்துக்கொண்டார். சொன்னவரோ அதைக் காயலான் கடைக்கு அனுப்பவேண்டிய சாமான் என்று சொல்லியிருந்தார். ஒரே பெயர் ஒரு காதில் பெருமையாகவும் மற்றொரு வாயில் துருவாகவும் இருந்தது.

அந்தப் பட்டறையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஐதர் அலியின் சமாதி இருக்கும் கும்பஸ் அங்கேதான். அவர் பெயர் ஊரறிந்த பெயராக இருக்கும் இந்த வட்டாரத்தில், மிகப் பழையது, வழக்கொழிந்தது என்று சொல்லக் கன்னடர்கள் அவரை இழுப்பதில்லை. ‘ஓபிராயன காலத’ என்பார்கள். அந்த ஓபிராயன் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். தமிழர்கள்தான் பழமையை அளக்க மைசூர் மன்னரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. ஓட்டைச் சைக்கிளையும் ஒழுகும் பேனாவையும் ‘ஐதர் காலத்தது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

சீனர்கள் இப்படிப் போய்விடுவதில்லை. அவர்கள் மொழியில் ‘செங்யு’ என்றொரு சொல்வகை உண்டு. பெரும்பாலும் நான்கே எழுத்து. பேச்சிலும் கடிதத்திலும் செய்தித்தாளிலும் தாராளமாகப் புழங்கும். அவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு மனிதர், ஒரு போர், ஓர் ஆண்டு இருக்கிறது. கி.மு. 494-இல் ஊ நாட்டு அரசன் ஃபூசாயிடம் தோற்ற யுவே நாட்டு அரசன் கோஜியன், பட்ட அவமானம் மறந்துவிடக்கூடாது என்று பித்தப்பை ஒன்றைத் தொங்கவிட்டு அன்றாடம் அதை நக்கிப் பார்த்தான். கி.மு. 473-இல் ஊ நாட்டை அழித்தான். ‘விறகில் படுத்துப் பித்தம் சுவைத்தல்’ என்ற தொடர் இந்தக் கதையைச் சுமக்கிறது. கி.மு. 207-இல் ஜூலு போரில் ஆற்றைக் கடந்ததும் சியாங் யூ தன் படையின் சமையல் பானைகளை உடைத்தான், வந்த ஓடங்களை மூழ்கடித்தான், மூன்று நாள் உணவை மட்டும் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னான். ‘பானையை உடைத்து ஓடத்தை மூழ்கடித்தல்’ என்றால் பின்வாங்க வழி வைக்காமல் இறங்குதல். அதே ஆண்டில் சின் பேரரசின் அமைச்சன் ஜாவ் காவ் அரசவைக்கு ஒரு மானைக் கொண்டுவந்து அதைக் குதிரை என்றான். மறுத்துப் பேசுகிறவன் எவன் என்று பார்ப்பதற்கான சோதனை அது. ‘மானைக் காட்டிக் குதிரை என்றல்’ இன்றும் அதிகாரத்தின் பொய்யைக் குறிக்கும் சொல்.

இந்த மூன்று கதைகளும் சிமா சியான் எழுதிய ‘ஷிஜி’ என்ற 130 அத்தியாய வரலாற்று நூலில் உள்ளன. தோற்றுப்போன தளபதி ஒருவனுக்காக வாதாடியதற்காகப் பேரரசன் விதித்த விதையடிப்புத் தண்டனையைத் தாங்கிக்கொண்டு, நூலை முடிக்கவே உயிர் வைத்திருந்தவர் அவர். அந்த நூல் இல்லாவிட்டாலும் சொற்கள் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிலிருந்து கதைக்குத் திரும்பிப் போகும் வழி அடைபட்டிருக்கும். சீனப் பள்ளிப் பிள்ளை ஒரு செங்யுவைக் கற்கும்போதே கதையையும் கற்கிறது. முற்கால ஜாவ் நாட்டின் தலைநகரான ஹண்டான், தன் மண்ணில் பிறந்த இத்தகைய தொடர்களுக்காகவே ‘செங்யுக்களின் தலைநகர்’ என்று பெயர் பெற்றிருக்கிறது. பழந்தொடர்களால் ஒரு நகரம் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள முடியுமானால், ‘ஐதர் காலத்து’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் போய்ப் பார்க்க நமக்குத் தயக்கம் எதற்கு?

ஐதர் அலி மைசூரின் ஆட்சியைக் கையில் எடுத்தது 1761-இல். அதற்கு முன்பே தமிழ் மண் அவரை அறியும். 1755-ஐ ஒட்டித் திண்டுக்கல்லில் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக இருந்தவர். 1767 முதல் 1769 வரை நடந்த முதல் மைசூர்ப் போரில் அவருடைய குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இறங்கவைத்தது. அந்த அச்சத்தில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுந்த மதிலின் நினைவுதான் ‘வால்டாக்ஸ் ரோடு’. மதிலுக்காக மக்களிடம் வரி வாங்க முனைந்ததால் வந்த பெயர். உடன்படிக்கைப்படி ஆபத்துக் காலத்தில் உதவுவதாகச் சொன்ன ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தபோது கைவிட்டது. 1779-இல், ஐதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டில் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் வந்தவர், தஞ்சாவூரில் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ். ஐதர் அவரை மதித்து வரவேற்றார். கம்பெனியை மன்னிக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

1780 ஜூலையில் ஐதரின் படை செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கியது. ஆங்கிலேயர் கணக்கில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள். செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட மிகப் பெரிய தோல்விகளில் ஒன்று அது. அவ்வாண்டு முடிவதற்குள் ஆற்காடு விழுந்தது. 1781-இல் தலைநகரம் நீங்கலாகத் தஞ்சை நாடு முழுவதும் மைசூர்ப் படையின் கைக்கு வந்தது. வயல்கள் எரிந்தன, மாடுகள் போயின, வாய்க்கால் வெட்ட ஆள் இல்லை. பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துப் போனார்கள் என்று மிஷனரிகளின் கடிதங்கள் சொல்கின்றன. கோட்டைக்குள் பசி. முன்பு கொடுத்த தானியத்துக்குக் காசு வராத கசப்பில் குடியானவர்கள் கோட்டைக்கு நெல் கொண்டுவர மறுத்தார்கள். சுவார்ட்ஸ் தன் வாக்கைப் பிணையாக வைத்து அவர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக்குத் தஞ்சைப் பக்கத்தில் ‘ஐதர் கலாபம்’ என்று பெயர்.

‘கலாபம்’ என்றால் கலகம், குழப்பம். தஞ்சாவூர்க்காரியான என் பாட்டி, பேரன்கள் வீட்டைத் தலைகீழாக்கினால் “என்னடா இது கலாபம்?” என்பாள். அது எந்தக் கலாபம் என்று அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

சென்னைக்கும் பசி போய்ச் சேர்ந்தது. சுற்றுப்புறக் கிராமங்கள் வெறிச்சோடி, மக்கள் நகருக்குள் ஓடிவந்து, 1781, 1782 ஆண்டுகளில் கடும் பஞ்சம். கஞ்சி ஊற்ற 1782-இல் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்தின் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையின் பழைய மனிதர்கள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சீனத் தொடருக்கும் குறையாத தொடர் இது. ஒரு படையெடுப்பும் ஒரு பஞ்சமும் ஒரு நகரத்தின் இரக்கமும் இரண்டே சொல்லுக்குள் கிடக்கின்றன. ஆனால் அதைச் சொல்லுகிறவர்களில் எத்தனை பேருக்கு 1782 நினைவுக்கு வரும்?

இங்கே நீதியாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பேரழிவை நமக்கு எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் ஐதரின் எதிரிகள், அல்லது எதிரிகளின் சோறு உண்டவர்கள். இந்தியாவுக்கு ஒருநாளும் வராத எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28-இல் லண்டன் நாடாளுமன்றத்தில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரையில் ஐதரின் படையெடுப்பை வருணித்தார். அதற்குப் பின் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அந்தச் சித்திரமே வரலாறாயிற்று. பர்க்கின் உண்மையான இலக்கு, நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து நாட்டைச் சுரண்டிய கம்பெனி ஆட்களே. அதை மறந்துவிட்டு ஐதரின் கொடுமையை மட்டும் எடுத்துக்கொள்வது அரைகுறைப் படிப்பு. நவாபின் கடனும் கம்பெனியின் வாக்குத் தவறலும் சேர்ந்து கூட்டிவைத்த விறகில் ஐதர் தீ வைத்தார். தீ வைத்தவர் பெயர் சொல்லில் நின்றது. விறகு அடுக்கியவர் பெயர் நிற்கவில்லை.

இன்னொரு தமிழ் மண்ணில் இதே ஐதர் காப்பாளராக இருந்திருக்கிறார். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார், மகளோடு திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்து எட்டாண்டு காத்திருந்தார். 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டபோது ஐதரின் உதவியும் கூட இருந்தது. தஞ்சையில் கலாபம் கொண்டுவந்த அதே ஆண்டுகளில் சிவகங்கைக்கு அவர் துணை.

கொங்கு நாட்டிலும் சேலத்திலும் கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த பாராமகாலிலும் கதை இன்னும் வேறு. அவை படையெடுப்பில் மிதிபட்டுப்போன இடங்கள் அல்ல, நெடுங்காலம் மைசூர் ஆட்சியில் இருந்த இடங்கள். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் 1792-இல்தான் கம்பெனிக்குக் கைமாறின, கோயம்புத்தூர் 1799-இல். அங்கே ‘ஐதர் காலம்’ என்பது ஓர் அரசாட்சியின் பெயர். புதிய துரை வந்து நிலத்தை அளந்து தீர்வை கேட்கும்போது, ஐதர் காலத்தில் எவ்வளவு, திப்பு காலத்தில் எவ்வளவு என்ற பேச்சு எழாமல் இருக்காது. ஏட்டில் இல்லாத வழக்குகளுக்கெல்லாம் எல்லைக்கல் அதுவே ஆகியிருக்கும்.

ஆக இந்தத் தொடருக்கு இரண்டு ஊற்றுகள் சொல்லலாம். காவிரிப் படுகையில் அது ஒரு பேரிடரின் குறி. மேற்கே ஓர் ஆட்சியின் குறி. எழுத்து குறைவாகவும் நினைவு நிறைவாகவும் இருந்த சமூகம் ஆண்டை எண்ணால் சொல்லாது. தாது வருஷப் பஞ்சம் என்று 1876-ஐச் சொன்னதுபோல, பட்ட அடியை வைத்தே சொல்லும். அவர் ஐதர் கலாபத்துக்கு முன் பிறந்தவர், இந்தக் கிணறு ஐதர் காலத்தில் வெட்டியது என்று இரண்டு தலைமுறை பேசியிருக்கும். மூன்றாம் தலைமுறைக்கு அடி மறந்து தூரம் மட்டும் தெரிந்தது. கலாபம் உதிர்ந்து காலம் நின்றது. இரண்டு ஊற்றும் கலந்தே இன்றைய பொருள் வந்தது என்பது என் முடிவு. கிருஷ்ணகிரித் தொழிலாளி வாயிலும் தஞ்சாவூர்க்காரர் வாயிலும் ஒரே தொடர் ஒரே பொருளில் இருப்பதற்கு வேறு விளக்கம் எனக்குப் பொருந்தித் தெரியவில்லை. வங்காளத்தில் 1740-களின் மராத்தியக் கொள்ளைப் படை ‘பர்கி’ என்ற பெயரில் குழந்தையை உறங்கவைக்கும் தாலாட்டுக்குள் புகுந்ததும் இதே வழியில்தான். அச்சம் தேய்ந்து தேய்ந்து வீட்டுச் சாமானாகிவிடுகிறது.

மைசூரைச் சுற்றி இப்படிச் சொல்லாக உறைந்த வரலாறுகள் வேறும் உண்டு. பெரியது அலமேலம்மாவின் சாபம். 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விஜயநகரப் பிரதிநிதி ஸ்ரீரங்கராயரிடமிருந்து கைப்பற்றினார். ராயரின் மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகள் ரங்கநாயகி அம்மனுக்குச் சாத்தப்படுபவை. அவற்றைக் கேட்டு ஆட்கள் துரத்த, அவள் தலக்காட்டுக்கு எதிரே மாலங்கியில் காவிரி மடுவில் குதித்தாள் என்பது மரபு. தலக்காடு மணல் மூடிப்போக, மாலங்கி ஆழ்மடுவாக, மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாது போக என்று மூன்று துண்டாக அவள் இட்டதாகச் சொல்லும் சாபம், மைசூர்வாசிகள் எல்லோருக்கும் மனப்பாடம். அரண்மனையில் அவள் உருவத்துக்கு இன்றும் பூசை நடக்கிறது.

தலக்காடு தமிழருக்கு அந்நிய ஊரல்ல. சோழர் அதைப் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயரிட்டார்கள். ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் 1116-இல் மீட்டு, ‘தலக்காடு கொண்டவன்’ என்பதையே பட்டமாகச் சூட்டிக்கொண்டான். அந்த ஊர்க் கோயில்கள் மணலுக்குள் புதைந்ததும் தோண்டி எடுக்கப்பட்டதும் கண்ணால் காணும் உண்மை. ஆனால் மணல் சாபத்தால் வரவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் மேலே மாதவமந்திரி கட்டிய அணையால் ஆற்றின் போக்கு மாறி, வெளிப்பட்ட படுகை மணலைக் காற்று ஊருக்குள் அள்ளிப் போட்டது என்று அறிவியலாளர் கே.என். கணேசையா விளக்கியிருக்கிறார். அப்படியானால் மணல் முந்தியது, சாபம் பிந்தியது. ஊரை மூடிய ஒரு சூழல் அழிவுக்கு மக்கள் ஒரு பெண்ணின் துயரத்தைக் காரணமாகத் தைத்துவிட்டார்கள். தைத்தது பொய் என்றாலும் துயரம் பொய்யல்ல. அதனால்தான் அந்தச் சொல் நானூறு ஆண்டு சாகாமல் இருக்கிறது.

சொல் நல்ல சாட்சி, ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக்கூடாத சாட்சி. கோஜியன் பித்தம் சுவைத்தான் என்று மட்டும்தான் சிமா சியான் எழுதினார். விறகில் படுத்தது ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்துச் சோங் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நம்மிடம் ‘எட்டப்பன்’ இருக்கிறது. எட்டயபுரம் பாளையக்காரர்கள் அனைவருக்கும் பொதுவான பட்டப்பெயர், இன்று துரோகி என்பதற்கு மறுசொல். 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிமேல் கம்பெனி போனபோது எட்டயபுரம் அதன் பக்கம் நின்றது உண்மை. ஆனால் தப்பிப் போன கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலேறினார். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்துக்குப் பின் பழி முழுவதும் ஒரே பெயரில் இறுகிவிட்டது. மராத்தியில் ‘த-வை ம ஆக்குதல்’ என்ற தொடர் உண்டு. 1773 ஆகஸ்டில் பேஷ்வா நாராயணராவ் கொலையுண்டபோது, அவரைப் பிடிக்கச் சொன்ன ஆணையில் ஒரே எழுத்தைத் திருத்தி, அவருடைய சித்தி ஆனந்திபாய் அதைக் கொல்லச் சொன்ன ஆணையாக்கினாள் என்ற கதையின் சுருக்கம் அது. உண்மையோ பொய்யோ, மராத்தியப் பிள்ளைக்குக் கதை தெரியும். அதுவே பெரிது.

நம் முன்னோருக்கும் இது தெரிந்த வேலைதான். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ‘பழமொழி நானூறு’ நூலில் முன்றுறை அரையனார் ஒவ்வொரு வெண்பாவுக்குள்ளும் ஒரு பழமொழியை வைத்தார். சிலவற்றில் ஆளையும் சேர்த்து வைத்தார். எரிந்த வீட்டிலிருந்து தப்பிய கரிகாலன், நரைமுடி பூண்டு முதியவனாக வந்து வழக்குத் தீர்த்த கரிகாலன், மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன், பாரி, பேகன் என்று பழமொழியும் மனிதரும் கைகோத்து வருகிறார்கள். உரையாசிரியர்கள் அந்தக் கதைகளை விரித்தார்கள். ஆனால் வேலை பழைய அரசர்களோடு நின்றுபோனது. கடைசி இருநூற்றைம்பது ஆண்டுகளில் சாதாரண மக்கள் வாயில் பிறந்த தொடர்களுக்கு யாரும் உரை எழுதவில்லை. நம் அகராதிகள் பொருள் சொல்கின்றன. பிறப்புச் சொல்வது அரிது.

இதை நான் மைசூரில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெப்பாளுக்குத் தொலைவில்லாத மானசகங்கோத்திரியில்தான் 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2008-இல் சென்னைக்குப் போகும்வரை அங்கேதான் இயங்கியது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டு காக்கப்பட்டதும் இந்த நகரத்தில்தான். கல்லில் இருந்த தமிழுக்கு இவ்வளவு காவல் கிடைத்தது. நாக்கில் இருக்கும் தமிழுக்குக் காவல் இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரைப் பாருங்கள். புள்ளலூர்ப் போர் முழுவதும் அங்கே வண்ணத்தில் இருக்கிறது. யானைகள், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்குக்குள் காயம்பட்ட பெய்லி. வென்றவர் சுவரில் எழுதிவைத்தார். புள்ளலூரில் 1781-இல் மறுபடி நடந்த போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்குக் கல்தூண்கள் நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தாரும் எழுதிவைத்தார்கள். யாருடைய வயலில் அந்தப் போர் நடந்ததோ அந்தக் குடியானவர்களுக்குச் சுவரும் இல்லை, தூணும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது ‘ஐதர் காலத்து’ என்ற இரண்டு சொல்தான்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் அடுத்த முறை இப்படி ஒரு தொடரைச் சொல்லும்போது, சிரித்துவிட்டு நகராதீர்கள். யாரிடம் கேட்டது, எந்த ஊர்ப் பேச்சு, பின்னால் ஏதாவது கதை உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே, ஊர்ப்பெயரும் தேதியும் போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என் பாட்டியிடம் நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.